மகிழக்கடவோம்

1

அம்மாவுக்குக் கல் வைக்கப் போகிறார்களாம். அவள் இறந்து ஒரு வருஷம் நிறைகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் பவனியாகப் போய், ஜெபம் பண்ணி, கல்லைத் திறந்து வைப்பார்களாம். தம்பி ஆனந்தராஜ் எழுதியிருக்கிறான். நல்ல கறுப்புக் கல். பெரம்பலூர்ப் பக்கத்தில் கல்லுக்கா பஞ்சம்? பேர், ஊர், பிறப்பு, இறப்பு எல்லாம் வெட்டி, அடியில் ஒரு வசனமும் வெட்டுவார்கள். எந்த வசனம் என்று எங்கள் சபையில் நண்டு சிண்டைக் கேட்டாலும் சொல்லும். 'இது கர்த்தர் உண்டுபண்ணின நாள். இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்.' நூற்றுப் பதினெட்டாம் சங்கீதத்தில் வருகிறது. ஆனால் ஊரில் அதற்குச் 'சாராளம்மா வசனம்' என்றே பெயர். சாராள் என் அம்மா.

படித்துவிட்டு நின்ற நிலையில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து தீய்ந்த பிறகுதான் மூக்கில் ஏறிற்று. "ஐயோ, செத்த பிறகாவது அவளச் சும்மா வுடுங்கடா" என்று வாய்விட்டுக் கத்தினேன். மாடியிலிருந்து என் மகள் ரேச்சல், யாரிடம் பேசுகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

பதினைந்து வருஷமாக இங்கிலாந்தில் இருக்கிறேன். மழைக்கென்றே கட்டி வைத்த மாதிரி ஒரு ஊர். அதில் ஒரு ஆஸ்பத்திரி, அதில் முதியோர் வார்டு, அதில் நான் நர்ஸ். ஊரில் இருக்கிற நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சீமையில் உட்கார்ந்துகொண்டு அம்மா கல்லுக்கு எந்த வசனம் என்று அதிகாரம் பண்ணுகிறாள் பார் என்பீர்கள். நன்றாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த வசனத்தால் என் அம்மாவுக்கு என்ன நேர்ந்தது என்பது உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

2

இங்கே அந்த வசனத்துக்கு வந்த வாழ்வைக் கேளுங்கள். சர்ச்சில் கிதார் வாசித்து, கை தட்டி, இடுப்பை அசைத்துப் பாடுகிறார்கள். ரேச்சலின் சட்டையில் ஒரு வட்ட பேட்ஜ் குத்தியிருக்கிறது. அதில் மஞ்சள் சூரியன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது, சுற்றிலும் இந்த வசனம். அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறது. தமிழ் புரியும், பேச வராது. பேசினால் எண்ணெய் இல்லாத கீல் கதவைத் திறக்கிற மாதிரி இருக்கும்.

"இதுக்கு என்னடி அர்த்தம்?" என்று பேட்ஜைக் காட்டிக் கேட்டேன்.

"ஜஸ்ட், ஹேப்பியா இருன்னு. வேற ஒண்ணும் இல்ல அம்மா."

"அழணும்னு இருந்தா?"

"அழு. ஆனா ஹேப்பியா இரு." அவளே சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஊரில் செத்தவர்களுக்கு ஒப்பாரி என்று ஒன்று உண்டு, தலையை விரித்துப் போட்டுப் பாடி அழுவார்கள் என்று சொன்னேன். பாட்டு என்றதும் கண்ணை விரித்தாள். "பாட்டா? அப்ப சர்ச்ல பாடலாமே?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். பாட்டியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் பாட்டி சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வந்த புதிதில் எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. சர்ச்சில் ஒரு புதன்கிழமைக் கூட்டம். ஆளுக்கொரு வசனத்தைச் சொந்த பாஷையில் சொல்லி அதை இங்கிலீஷில் விளக்க வேண்டும். என் வாயில் வந்து தொலைத்தது இதுதான். 'மகிழக்கடவோம்' என்பதற்கு, 'சந்தோஷமாயிருக்கும்படி நமக்குத் தீர்ப்பாகியிருக்கிறது' என்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதிரியார் நல்ல மனுஷர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லை எஸ்தர், சந்தோஷமாயிருப்போம் வாருங்கள் என்று அன்பாகக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான்" என்றார். ஒவ்வொரு காலையும் கர்த்தர் உண்டுபண்ணினதே, எழுந்து ஒரு கோப்பை டீ குடித்துவிட்டு அதற்காக நன்றி சொன்னால் போதும் என்பது அவர் வியாக்கியானம். டீயோடு முடிகிற வியாக்கியானத்தை அன்றுதான் கேட்டேன்.

வார்டில் வாரத்துக்கு ஒருவராவது சாகிறார்கள். மகனோ மகளோ வருவார்கள். கைப்பையை வாங்கிக்கொள்வார்கள், எனக்கு நன்றி சொல்வார்கள், காரிடாரில் போய் மூக்கைச் சிந்திக்கொள்வார்கள். யாரும் கட்டளை போடாமலே இங்கே அப்படித்தான் நடக்கிறது. எங்கள் தெருவில் அதற்கு ஒரு ஆள் வந்து கட்டளை போட வேண்டியிருந்தது.

3

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகள், மறுபக்கம் சோளக்கொல்லையும் கடலைக்கொல்லையும். அதில் ஒரு பிடி மண்கூட எங்களுடையது இல்லை. எங்கள் தெரு முழுக்க ஒரே தலைமுறையில் ஞானஸ்நானம் வாங்கிய தெரு. சின்னப்பொண்ணாக இருந்த அம்மா சாராள் ஆனது அப்படித்தான். பேர் மாறிற்றே தவிர, நிலத்துக்காரரை 'ஆண்டை' என்று கூப்பிட்ட வாய் அதற்குப் பிறகும் அப்படியேதான் கூப்பிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தகராறுதான். களைவெட்டுக்கு ஆள் கூட்டிப் போக ஆண்டை வீட்டுக் காரியக்காரர் தெருமுனையில் வந்து நிற்பார். இந்தப் பக்கம் உபதேசியார் வேதக்கோயில் மணியை அடிப்பார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களோடு குடியிருந்து ஆராதனையும் பள்ளிக்கூடமும் நடத்தினவர் உபதேசியார்தான். மணியை அடித்துக்கொண்டே அவர் சத்தமாகச் சொல்கிற வசனம் இதுதான். 'கர்த்தர் உண்டுபண்ணின நாள்' என்றால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

அம்மா களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று சொல்வாள்: "ஆண்டவரு உண்டுபண்ணுனது ஒரு நாளு. மிச்ச ஆறும் ஆண்டை உண்டுபண்ணுனது. இப்ப ஆண்டைக்கு அதுவும் பத்தல போலருக்கு."

பெண்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். காரியக்காரருக்கே சிரிப்பு வந்து திரும்பிக்கொள்வார். உபதேசியார் மட்டும் முறைப்பார். அம்மா அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாயாடி. கூத்துப் பார்க்க வாலிகண்டபுரம் வரைக்கும் நடந்து போய்விட்டு, மறுநாள் கொல்லையில் ராஜா வேஷம், முனிவர் வேஷம் எல்லாம் பேசிக் காட்டுவாள். அழுதாலும் நாலு தெருவுக்குக் கேட்கும். இதையெல்லாம் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இப்போது சபையில் யாரைக் கேட்டாலும் சாராளம்மா சாந்த சொரூபி என்பார்கள்.

4

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஈஸ்டர். நான் திருச்சியில் நர்ஸ் டிரெய்னிங்கில் இருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். எனக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் தம்பி தானியேல், மூன்று வயது. பெரிய வெள்ளியன்று அவனுக்குத் தொண்டை வீங்கி மூச்சு இழுத்தது. அப்பா சிமெண்ட் மூட்டை ஏற்ற வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் அம்மாவும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அம்மா அப்போது நாலு மாசம் முழுகாமல் இருந்தாள்.

மத்தியானம் பிள்ளை போய்விட்டது.

செத்த குழந்தை என்று தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அம்மா அவனைத் துண்டால் போர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுதுடாத புள்ள, எறக்கி வுட்டுருவான்" என்று என் காதில் சொன்னாள். டிக்கெட் போட வந்த கண்டக்டர், "புள்ள தூங்குதாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க, இப்பத்தான் தூங்குனான்" என்றாள். ஊர் வரும் வரை அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம் என்ற ஒரே நினைப்பில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் வாசலில் பாயைப் போட்டுப் பிள்ளையைக் கிடத்தியாயிற்று. தெருப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு, மார்பில் கை வைத்து, 'என் ராசா' என்று வாயைத் திறந்தாள். அந்த இரண்டு சொல்தான் வந்தது. கோயிலில் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த உபதேசியார் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்.

"சாராளு, நிறுத்தும்மா. விடிஞ்சா உயிர்த்தெழுந்த நாளு. ஆண்டவரு மரணத்த ஜெயிச்ச நாள்ல ஒப்பாரி வச்சா, அவரு எழுந்திரிக்கலன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"ஐயா, ஒரு தடவ அழுதுக்கறேங்க. பஸ்ஸுல கூட அழலீங்க."

"வேதத்துக்கு வந்தும் அதே மாரடிப்புத்தானான்னு மேலத்தெரு ஆண்டைங்க சிரிப்பாங்கம்மா. கோயிலுக்கு வா. வசனத்தச் சொல்லு. கர்த்தரு உன்னத் தேத்துவாரு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நர்ஸ் டிரெய்னிங்கில் இடம் வாங்க நாலு முறை திருச்சிக்கு அலைந்தவர் அவர். கெட்டவராக இருந்திருந்தால் அம்மா அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டாள், நாலு வார்த்தை சுடச்சுடக் கொடுத்திருப்பாள். அவர் அம்மாவின் தலைமேல் கையை வைத்து அந்த வசனத்தை முழுதாகச் சொன்னார். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் பிள்ளையை வீட்டில் வைத்துவிட்டு அம்மா வெள்ளைப் புடவை கட்டிக் கோயிலுக்குப் போனாள். எல்லோருக்கும் முன்னால் நின்று வசனத்தைச் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சபை 'அல்லேலூயா' என்றது. அதன் பிறகு தாளம் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே போய் என் தம்பியை அடக்கம் பண்ணினோம். வயிறு எரிந்தது எனக்கு. இன்றைக்கும் எரிகிறது.

5

இரண்டு நாள் கழித்து நான் திருச்சிக்குக் கிளம்பினேன். அம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"ஏ எஸ்தரு, நீ படிச்சவதான? கடவோம்னா என்னா?"

"செய்யணும்னு அர்த்தம்மா."

"யாரு செய்யணும்?"

"நாமதான்."

"செய்யாட்டி?"

அவளே சொன்னாள். "கூத்துல முனிவரு செம்புத் தண்ணியத் தெளிச்சிச் சொல்லுவாரே, கல்லாப் போகக் கடவதுன்னு. அந்தக் கடவதுதான இது?"

"அது சாபம்மா. இது வேற."

"என்னா வேற? அதே சொல்லுதான?"

அதே சொல்தான். பேச்சில் யாரும் புழங்காத சொல். எங்கள் தெருவில் அது இரண்டே இடத்தில்தான் காதில் விழும். ஒன்று கூத்தில் சாபம் கொடுக்கும்போது, இன்னொன்று கோயிலில். வேதத்தைத் தமிழில் எழுதியவர்கள் 'மகிழ்வோம் வாருங்கள்' என்பதைத்தான் அந்தக் காலத்து நடையில் அப்படி எழுதியிருக்கிறார்கள். கோர்ட்டு உத்தரவும் அப்படித்தான் இருக்கும், ஆஜராகக் கடவது என்று. அம்மாவுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? தலைமேல் கை வைத்து ஒரு பெரிய மனுஷர் 'கடவோம்' என்று சொன்னால், கூத்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது என்னவாகக் கேட்கும்?

வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அவரு அந்த வார்த்தையச் சொல்லாம இருந்தா அழுதிருப்பேன் புள்ள. யாரு தடுத்தாலும் அழுதிருப்பேன். இப்ப மீறுனா இதுக்கு எதனா ஆயிடும். ஒண்ணு போனது போதும்."

"ஐயோ அம்மா, அது ஆசீர்வாதம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"சாபத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் ஒரே வார்த்தையா வச்சிருக்காங்க? நல்ல வேதம்டி" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "இது நல்லபடியாப் பொறந்துடட்டும். அப்பறமா உக்காந்து அழுதுக்கறேன்" என்றாள்.

நல்லபடியாகப் பிறந்தான். நான் லீவில் போய்ப் பார்த்தபோது, "அழுதியாம்மா?" என்று தனியாகக் கேட்டேன். "உக்காந்து பாத்தேன். வரல" என்றாள். அதற்குப் பிறகு அவள் கூத்துப் பேசிக் காட்டி நான் கேட்டதில்லை.

6

பிறந்தவனுக்கு உபதேசியார்தான் பேர் வைத்தார், ஆனந்தராஜ் என்று. கர்த்தர் துக்கத்தை ஆனந்தமாக மாற்றினாராம். அவன் நிற்கப் பழகினதிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அம்மாவைக் கோயிலில் முன்னால் நிறுத்தினார்கள். 'பிள்ளையைப் பறிகொடுத்த மறுநாளே களிகூர்ந்த தாய்' என்று உபதேசியார் அறிமுகப்படுத்துவார். அம்மா வசனத்தைச் சொல்லிவிட்டுப் போய் உட்காருவாள். அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்களாம். கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன். திருச்சியில் இருந்தவரை ஈஸ்டருக்கு நான் ஊருக்குப் போகவே இல்லை. நான் சீமைக்கு வந்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன், இரண்டு தடவையும் ஈஸ்டரை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டேன். அந்தக் காட்சியைப் பார்க்கிற திடம் எனக்கு இல்லை.

அந்த ஒரு வசனத்தை ஆளாளுக்குப் பங்கு போட்டார்கள். குருவானவர் ஒருவர், 'நாள் என்றால் ஒரு பகல் ஒரு இரவு அல்ல, கிருபையின் காலம் முழுவதும்' என்று பிரசங்கம் பண்ணினார். அப்படியானால் அம்மா காலம் முழுவதும் அழக்கூடாது. பெரம்பலூரில் கொட்டகை போட்டுக் கூட்டம் நடத்த வந்த ஒருவர், 'நாள் என்றால் கடைசி நாள், ஆண்டவர் திரும்பி வருகிற நாள்' என்றார். அப்படியானால் அதுவரைக்கும் அழலாமே என்று அவரைக் கேட்க யாருமில்லை.

இங்கே வந்து, ஒரு குளிர்கால லீவில், அந்தச் சங்கீதத்தை நான் முதலிலிருந்து படித்தேன். பிரசங்கம் பண்ணினவர்கள் யாராவது மேலே இருக்கிறதைப் படித்தார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாலு பக்கமும் பகைவர்கள் தேனீ மாதிரி வளைத்துக்கொள்ள, சாவின் வாசல்வரை போய்த் தப்பி வந்தவன் பாடுகிற பாட்டு அது. கூப்பிட்டேன், கதறினேன் என்றுதான் ஆரம்பத்திலேயே சொல்கிறான். வீடு கட்டுகிறவர்கள் வேண்டாம் என்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல் ஆயிற்று என்கிறான். அதற்கு இரண்டு வசனம் தள்ளித்தான் 'இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்' வருகிறது. தள்ளின கல்லைத் தூக்கி வைத்த நாள்தான் அந்த நாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் வேத பண்டிதை இல்லை, தப்பாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் தூக்கி வைக்கவில்லை. களைக்கொத்தோடு காரியக்காரர் பின்னால் போனோம், பிள்ளை செத்தால் பஸ்ஸில் ஒளித்துக்கொண்டு வந்தோம். வராத நாளுக்காக முன்கூட்டியே சிரிக்கச் சொன்னார்கள். முதலில் கதறினவனுக்குத்தான் பிறகு களிகூர உரிமை. கதறலைப் பிடுங்கிக்கொண்டு களிகூரு என்றால் எங்கே போவது?

7

அம்மா போன வருஷம் இறந்தபோது தந்தி வந்தது. என் பாஸ்போர்ட் அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அவசரம் என்று ஆபீசுக்கு ஓடினேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பொம்பளை, என் பழைய காகிதங்களைப் புரட்டினாள். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் அம்மா பேர் சின்னப்பொண்ணு, தந்தியில் சாராள்.

"உங்களுக்கு எத்தனை தாய்மார்கள்?" என்று கேட்டாள்.

ஞானஸ்நானம், பேர் மாற்றம் என்று விளக்க ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் கோபம் வந்தால் தமிழாகிவிடும். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. சாயங்காலம் வரச் சொன்னாள். பிறகு மறுநாள் வரச் சொன்னாள். அதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரே நடத்தினாராம். அவள் விருப்பப்படி கண்ணீர் இல்லாத அடக்கம் என்று அறிவித்தாராம். அவள் விருப்பமாம். இதைக் கேட்ட அன்று வார்டுக்குப் போய் வழக்கம்போல எட்டுப் பேருக்கு மருந்து கொடுத்தேன்.

ஆகவே கல் விஷயம் வந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். அடக்கத்தில் சொன்ன பொய்யைக் காற்று கொண்டுபோய்விடும். கல்லில் வெட்டினால் அவள் காலத்துக்கும் அந்தச் சிரித்த தாய்தான். தம்பியிடம் உண்மையைச் சொல்லி நிறுத்தியே தீர்வது என்று போனை எடுத்தேன்.

8

ஆனந்தராஜுக்கு இப்போது பதினெட்டு வயது முடியப் போகிறது. அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவோடு தனியாக இருந்தவன் அவன்தான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவரின் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறான். பாயின் மகன்கள் துபாயில் இருப்பதால் கடையில் போன் உண்டு. போன் எடுத்த பாய், "ஆனந்தா, ஒங்க அக்கா! ஓடியா, லைனு போயிடும்" என்று கூவினார்.

"அக்கா, நல்லாருக்கியா? லெட்டர் வந்துச்சா? கல்லு பாத்துட்டேன்க்கா, மொகம் தெரியுது அதுல. திங்கக்கிழம வசனம் வெட்டுறாங்க."

"வெட்ட வேணாம்னு சொல்லு."

"எதை?"

"வசனத்த. அம்மா பேரு மட்டும் போதும்."

"ஏன்க்கா?" என்றான். குரல் மாறிவிட்டது.

"ஆனந்தா, அம்மா அந்த வசனத்த ஆசப்பட்டுச் சொல்லலடா. அவளுக்கு அது..." சாபம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அதைச் சொன்னால், யாருக்காகப் பயந்தாள் என்று கேட்பான். வயிற்றில் இருந்த உனக்காக என்று சொல்ல வேண்டும். உனக்கு எதுவும் ஆகக் கூடாது என்றுதான் உன் அண்ணனுக்கு அழாமலே இருந்தாள், அதிலேயே வறண்டு போனாள் என்று அந்தப் பிள்ளையின் தலையில் வைக்க வேண்டும். இத்தனை வருஷ ஆத்திரத்தில் இந்த ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.

"சொல்லுக்கா, அவளுக்கு அது என்னா?"

"ஒண்ணுமில்ல. உனக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்? நீ சொல்லு."

பாய் யாரோடோ செருப்பு அளவு பேசுவது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அம்மா என்னயத் திட்டுனது இல்லக்கா. அடிச்சது இல்ல. கொஞ்சுனதும் இல்ல. சோறு போடுவா, பாத்துக்கிட்டே இருப்பா, கிட்ட வர மாட்டா. எனக்கு எதுனா ஆயிடும்னு நெனச்சாளோ என்னவோ. ஈஸ்டர் அன்னிக்கு மட்டுந்தான். வசனம் சொல்ல முன்னால போறப்ப என்னயக் கூட்டிட்டுப் போவா. இழுத்து வயித்தோட அணைச்சுக்குவா. முந்தானையப் போட்டு என் தலைய மூடிட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத்தான் வசனம் சொல்லுவா. பெரிய பையனான பிறகும் விடல. தோளோட சேத்துப் புடிச்சுக்குவா. வருசத்துல அந்த ஒரு நாளுதான்க்கா அம்மா கை என் மேல படும். எனக்குக் கல்லுல அது இருக்கணும்."

முந்தானையால் தலையை மூடுவாள் என்று எனக்கு யாரும் எழுதியதில்லை. நான்தான் எந்த ஈஸ்டருக்கும் போகவில்லையே. அந்த வார்த்தை அவன்மேல் விழுந்துவிடாமல், இத்தனை வருஷமும், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் உடம்பால் அவனை மூடியிருக்கிறாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கை நடுங்கும்க்கா, தெரியுமா உனக்கு? கிடுகிடுன்னு நடுங்கும். சந்தோசத்துல நடுங்குதுன்னு உபதேசியாரு எல்லாருக்கும் காட்டுவாரு."

"ஆமாடா தம்பி," என்றேன். "சந்தோசத்துலதான். வெட்டச் சொல்லு."